பச்சை நிறச் சிறுநீரகம்

போன வாரம் "நான் ரெடி" என்று அறிவித்துவிட்டுப் படுக்கப் போனாளே நம்ம நர்ஸம்மா, அவளை இன்னும் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்க விட்டிருக்கலாம். விடிந்து தொலைத்துவிட்டது. என்ன செய்ய?

இந்த வாரம்தான் இந்த வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அவள் நர்ஸ் இல்லை. பெரிய செருப்புக் கடை ஒன்றில் குட்டை முக்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களின் பாதத்தை அளந்து ஷூ மாட்டிவிடுகிறவள். முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம் என்று ஒரு நாள் ஆத்திரம் வந்து, நர்சிங் உதவியாளர் பயிற்சியில் மாலை வகுப்புக்குச் சேர்ந்தாள். அன்றைக்கே லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர், "வாங்க நர்ஸம்மா" என்று கதவைத் திறந்துவிட்டார். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

பாசமாக வைத்த பெயர்தான். ஆனால் எல்லாப் பாடத்திலும் தேறியவள், உடற்கூறும் உடலியங்கியலும் என்கிற அந்த ஒரே பேப்பரில் இரண்டு தடவை கோட்டை விட்டாள். அதற்கப்புறம் அந்தப் பெயரைக் கேட்டாலே யாரோ ஊசியால் குத்துவது போல இருந்தது.

இன்று மதியம் மூன்றாவது தடவை. நாலாவது தடவை என்ற பேச்சே பயிற்சி மையத்தில் கிடையாது. இதிலும் போனால் பெயரை அடித்துவிடுவார்கள். அப்புறம் அதே முக்காலி, அதே ஊரான் வீட்டுக் கால்.

ஆனால் இந்தத் தடவை அவளுக்குப் பயமில்லை. காரணம், ஒரு வெப்சைட். கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கும் மகள் வாலு (வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர், நடத்தையும் அதற்கேற்ற மாதிரிதான்) அம்மாவை அதில் சேர்த்துவிட்டிருந்தாள். உள்ளே போனால் முழு மனித உடம்பு ஒன்று சாம்பல் நிறத்தில் நிற்கும். ஒரு பாடத்தில் கேள்விகளுக்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னால் அந்த உறுப்பு பச்சையாகும். பச்சையான பாடத்திலிருந்து அது மறுபடி கேட்காது. எங்கே தடுமாறுகிறோமோ அங்கேயே கேட்டு உயிரை எடுக்கும். கீழே மூலையில் ஒரு நெருப்பு எரியும். ஒரு நாள் படிக்காவிட்டாலும் அது அணைந்துவிடும்.

நேற்று ராத்திரி பார்த்தபோது அந்த உடம்பு தலையிலிருந்து கால் வரை பச்சைப் பசேலென்று நின்றது. நெருப்பும் அணையாமல் எரிந்தது. அப்புறம் எதற்குப் பயம்?

காலையில் முதல் சண்டை முட்டையில் ஆரம்பித்தது.

"இதுல உப்பு போட்டியா?" என்றார் மெக்கானிக்.

"இல்லைங்க. நீங்கதான் கொஞ்ச நாளா உப்பு அதிகம், உப்பு அதிகம்னு உயிரை வாங்குறீங்களே. இத்தனை வருஷம் இதே கையாலதானே சாப்பிட்டீங்க? இப்ப மட்டும் நாக்கு என்ன ராஜாங்கம் பண்ணுது?"

"கேட்டது ஒரு கேள்வி. அதுக்கு இவ்ளோ பெரிய பதிலா?"

"பரீட்சைக்குப் போறவகிட்ட கேட்கிற கேள்வியா அது?"

அவர் வாயை மூடிக்கொண்டு முட்டையைத் தின்றார். அடுத்த சண்டை வாசலில். மெக்கானிக் நாற்காலியில் உட்கார்ந்து, கரண்டிக் காம்பைக் குதிகாலுக்குப் பின்னால் செருகி, ஷூவுக்குள் காலைத் திணித்துக்கொண்டிருந்தார். முகம் சிவந்துவிட்டது.

"இந்த ஷூ சுருங்கிடுச்சு."

நர்ஸம்மாவுக்குச் சுருக்கென்றது. அவள் கடை ஷூ. அவளே அளந்து, அவளே தேர்ந்தெடுத்து, ஊழியர் தள்ளுபடியில் வாங்கி வந்த ஷூ.

"எங்க கடை ஷூ சுருங்காது."

"அப்ப என் கால் வளருதா?"

"உங்க கால் எட்டு. கல்யாணத்தன்னிக்கும் எட்டு, இன்னிக்கும் எட்டு. பார்த்தாலே சொல்லிடுவேன். லேஸைத் தளர்த்திட்டுப் போட்டா என்ன? எல்லாத்துலயும் அவசரம்."

"சரிம்மா தாயே, ஷூ மேல தப்பில்லை" என்று அவர் லேஸைத் தளர்த்த ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்து வாலு மொபைலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். அம்மாவின் வகுப்புத் தோழி ஒருத்தி மாதிரித் தேர்வு ஒன்றை அனுப்பியிருந்தாள்.

"அம்மா, நான் கேட்கிறேன், நீ சொல்லு. சும்மா ஒரு ரவுண்டு."

"கேளு, கேளு" என்றாள் நர்ஸம்மா, தட்டைக் கழுவிக்கொண்டே. நாம்தான் முழுக்கப் பச்சையாயிற்றே என்ற தெம்பு.

இதயத்தில் எத்தனை அறை? டக்கென்று சொன்னாள். ரத்தம் எந்த வால்வு வழியாக நுரையீரலுக்குப் போகிறது? அதையும் சொன்னாள். கணையம், கல்லீரல், தண்டுவடம், எதைக் கேட்டாலும் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் வந்தது. வாலு வாயைப் பிளந்தாள். இரண்டு தடவை தோற்ற அம்மாவா இது?

"சூப்பர்மா. அடுத்தது சிறுநீரகம். ரத்தம் முதல்ல எங்க வடிகட்டப்படுது?"

தட்டு கையில் நின்றது.

"ரத்தம்... சிறுநீரகத்துல..." என்றாள் நர்ஸம்மா. "அது வந்து, அந்த... நெஃப்ரான்ல."

"நெஃப்ரான்ல எந்த இடத்துல?"

மண்டைக்குள் ஒன்றுமே இல்லை. மறந்துபோனது கூட இல்லை. மறந்துபோனால் நாக்கு நுனியில் ஏதாவது நெளியும். இங்கே நெளியக் கூட ஒன்றுமில்லை. அவள் பேந்தப் பேந்த விழித்தாள்.

"குளோமெருலஸ்" என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது.

இரண்டு பேரும் திரும்பினார்கள். மெக்கானிக் குனிந்து லேஸ் கட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா! உனக்கு எப்படித் தெரியும்?" வாலு சிரித்துவிட்டாள். "சரி, இதைச் சொல்லு பார்ப்போம். வடிகட்டினதுல பெரும்பகுதித் தண்ணியும் உப்பும் எங்க திரும்ப உறிஞ்சப்படுது?"

"முதல் வளைகுழாய்ல. அதுக்கப்புறம்தான் ஹென்லே வளைவு வரும்."

சொல்லிவிட்டுத்தான் நிமிர்ந்தார். நிமிர்ந்ததும் தெரிந்தது, வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்று. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

நர்ஸம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து சைட்டைத் திறந்தாள். சிறுநீரகம் பச்சையாக இருந்தது. இரண்டும் பச்சை. அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. தலையிலிருந்து ஒவ்வொரு பாடமாக இறங்கி அவள் வயிற்றுக்கு வந்து சேர்ந்தபோதே அது பச்சையாகத்தான் இருந்தது. நடுவில் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தாளே, அந்த மயக்கத்தில் படித்திருப்போம் என்று நினைத்துக்கொண்டாள். நம் மறதி சைட்டுக்கு உண்டா என்று அதையே நம்பினாள். போன தடவை அவளைக் கவிழ்த்ததே இந்தப் பாடம்தான். ஒரு தலைவலி ஒழிந்தது என்று உள்ளுக்குள் சந்தோஷம் வேறு.

"என்னங்க, இது யார் வேலை?"

மெக்கானிக் மென்று விழுங்கினார்.

"உனக்குக் காய்ச்சல்ல கண்ணைத் திறக்க முடியலை. அந்த நெருப்பு அணைஞ்சிடும்னு நீ புலம்பிட்டே இருந்தே. அணைஞ்சா அழுவியேன்னு நான்தான் ஒரு நாள் திறந்து பதில் போட்டேன். முதல்ல தப்புத் தப்பா வந்துச்சு. வேலை இடத்துல லிஃப்டைக் கழட்டிப் போட்டுட்டு ஸ்பேர் பார்ட்டுக்குக் காத்துட்டிருக்கறப்ப வீடியோ பார்த்தேன். அப்புறம் சரியா வர ஆரம்பிச்சுது."

"ஒரு நாளா?"

"ஒரு நாள்னு ஆரம்பிச்சேன். அப்புறம் அப்பப்ப..."

"ஆனா அந்த சைட்ல எந்தப் பாடம்னு நாமதானே தேர்ந்தெடுக்கணும்" என்று வாலு இழுத்தாள். அதைக் கேட்கிற நிலையில் அங்கே யாரும் இல்லை.

"பரீட்சை உங்களுக்கா எனக்கா?" நர்ஸம்மாவின் குரல் உச்சத்துக்குப் போனது. "நீங்க படிச்சு நீங்க பாஸாயிட்டீங்க! அந்த சைட்டும் எனக்கு எல்லாம் தெரியும்னு நினைச்சு இதுல ஒரு கேள்வி கேட்கலை! ஒண்ணே ஒண்ணு கேட்டிருந்தா கூட எனக்குத் தெரிஞ்சிருக்கும்! அணைஞ்சா அணைஞ்சுட்டுப் போகுது, அது என்ன அடுப்பா? சோறா வேகுது அதுல? மதியம் பரீட்சை! நான் என்னத்தைப் போய் எழுதுறது? என் வீட்டுக்காரர் பச்சையாக்கிட்டார்னு எழுதவா?"

மெக்கானிக் ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் வெறும் சாக்ஸுமாக எழுந்து, கூட வேலை செய்கிறவருக்கு ஃபோன் போட்டு இன்றைய வேலையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அதுவும் அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. பண்ணுவதையெல்லாம் பண்ணிவிட்டு லீவு வேறு.

அடுத்து நடந்த கூத்தை வரிசையாகச் சொன்னால் உங்களுக்கும் மண்டை காயும். கொஞ்சம் மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒரு வீடியோ. சிறுநீரகம் எளிய முறையில் என்று தலைப்பு. ஆள் வணக்கம் சொன்னார், தன் சேனல் வளர்ந்த கதையைச் சொன்னார், மணி பொத்தானை அழுத்தச் சொன்னார், அழுத்தாதவர்களுக்காக மறுபடியும் சொன்னார். சிறுநீரகம் வருகிற நேரத்தில் மெத்தை விளம்பரம் வந்தது.

"தூங்கச் சொல்றான் பாரு" என்று அதை மூடினாள்.

அடுத்து, உடம்பை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்க்கிற ஆப். இதயம் இலவசம். நுரையீரல் இலவசம். சிறுநீரகத்தின் மேல் ஒரு பூட்டு தொங்கியது, காசு கட்டினால் திறக்குமாம். விரல் பட்டு உடம்பு கவிழ்ந்துகொண்டது. எப்படித் திருப்பினாலும் முதுகைத்தான் காட்டியது.

இன்னொரு இடத்தில் நல்ல படங்கள் இருந்தன. ஆனால் விளக்குகிற அம்மாளுக்கு ரயிலைப் பிடிக்கிற அவசரம். வேகத்தைக் குறைத்தால் மயக்க மருந்து கொடுத்த மாதிரி பேசினாள். மாணவர்கள் கேள்வி கேட்கிற பக்கத்தில் ஒருத்தன் இந்த விடை சரியா என்று கேட்டிருந்தான். இன்னொருத்தன் தப்பு என்றான். மூன்றாவது ஆள் இருவரையும் திட்டியிருந்தான். சரியான விடையை மட்டும் யாரும் போடவில்லை.

கடைசியில் வாலு பழைய சைட்டிலேயே அந்தப் பாடத்தை மறுபடி ஆரம்பிக்க ஒரு வழி கண்டுபிடித்தாள். திரையில் வண்ணக் காகிதங்கள் கொட்டின. 'இந்தப் பாடத்தில் நீங்கள் வல்லவர்! நிச்சயமாக மறுபடி தொடங்க வேண்டுமா?' என்று கேட்டது. ஆமாம் என்று அழுத்தினால் முதல் கேள்வி வந்தது: மனிதனுக்குச் சிறுநீரகங்கள் எத்தனை?

நர்ஸம்மா மொபைலைக் கட்டிலில் விட்டெறிந்தாள். முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். படிப்பு வராத அழுகை இல்லை அது. இத்தனை மாதம் கடையிலிருந்து வந்து, காலை நீட்டக்கூட நேரமில்லாமல் ஒவ்வொரு உறுப்பாகப் பச்சையாக்கியது அவள்தான். அதில் ஓர் ஓட்டை, அதுவும் வீட்டு ஆள் போட்ட ஓட்டை, அதைப் போய் யாரிடம் சொல்லி அழுவது?

மெக்கானிக் கட்டிலின் அந்தக் கோடியில் வந்து உட்கார்ந்தார்.

"நான் சொல்றேன், கேட்கிறியா?"

"ஒண்ணும் வேணாம்."

"வேணாம்னா பரீட்சையில அதை எழுதாம வா. நான் சொல்றதைச் சொல்லிட்டுப் போறேன்." அவர் பாட்டுக்கு ஆரம்பித்தார். "ஒரு பெரிய கட்டடம்னு வெச்சுக்க. ராத்திரி காவல்காரன் வந்து, உள்ளே இருக்கிறவங்க எல்லாரையும் வெளியே போகச் சொல்றான். யாரு, என்னன்னு கேட்கிறதில்லை. சின்ன ஆளுங்க எல்லாரும் கதவு வழியா வெளியே வந்துடுறாங்க. தண்ணி, உப்பு, சர்க்கரை, யூரியா. பெரிய உடம்புக்காரங்க கதவுல நுழைய முடியாது, உள்ளேயே நின்னுடுவாங்க. ரத்த அணு, புரதம். அந்தக் கதவுதான் குளோமெருலஸ்."

அவள் முகத்தைத் திருப்பவில்லை. ஆனால் கையை எடுத்துவிட்டாள்.

"வெளியே வந்தவங்க ஒரு வராந்தாவுல நடக்கிறாங்க. அது வளைஞ்சு வளைஞ்சு போகுது. வழி நெடுக ஜன்னல். நீ வீட்டு ஆளு, உள்ளே வா. நீயும் வா. சர்க்கரையை முழுசா கூப்பிட்டுக்குவாங்க. தண்ணி, உப்புல தேவையானதைக் கூப்பிட்டுக்குவாங்க. கடைசி வரைக்கும் யாரும் கூப்பிடாதவன்தான் சிறுநீரா வெளியே போறான்."

அவள் மெதுவாகப் பேனாவை எடுத்தாள்.

"முதல்ல எந்த ஜன்னல்?"

"முதல் வளைகுழாய். பெரும்பாலான ஆளுங்களை அங்கேயே கூப்பிட்டுடுவாங்க."

மத்தியானம் வரைக்கும் சொன்னார். இடையில் அவள் கேட்ட கேள்விக்கெல்லாம் அலுக்காமல் பதில் சொன்னார். இந்த மனுஷன் மின்சார பில் கட்டச் சொன்னாலே மூன்று நாள் மறப்பவர் என்பதை அவள் அந்த அவசரத்தில் யோசிக்கவில்லை.

"இது கெட்டுப்போனா என்ன ஆகும்னு கட்டாயம் கேட்பாங்க" என்றாள்.

"கதவு உடைஞ்சா, வெளியே போகக் கூடாத புரதம் போயிடும். சிறுநீர் நுரைக்கும். உடம்புல தண்ணி தங்கும். காலையில கண்ணிமை வீங்கும், சாயங்காலம் கால். உப்பைக் குறைக்கச் சொல்லுவாங்க."

"வலிக்குமா?"

"வலிக்காது" என்றார். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு மறுபடியும் சொன்னார். "அதுதான் வம்பே. ஒண்ணுமே தெரியாது."

வலிக்காது என்று அவள் எழுதி அடிக்கோடு போட்டாள்.

ஸ்கூட்டரில் போகும்போது அவள் பேசவில்லை. கோபம் போய்விட்டது என்று அவர் நினைத்துவிடக் கூடாதல்லவா. பயிற்சி மைய வாசலில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் படியேறினாள். "நல்லா எழுது நர்ஸம்மா" என்று பின்னால் குரல் கேட்டது. அதற்கும் திரும்பவில்லை.

கம்ப்யூட்டர் அறையில் ஏசி சத்தமும் விரல் சத்தமும் மட்டும். எலும்பு வந்தது, தசை வந்தது. கண்ணை மூடிக்கொண்டு அடித்தாள். சிறுநீரகம் வந்தது. வராந்தாவும் ஜன்னலும் கண்ணுக்குள் ஓட, அதையும் அடித்தாள். இரண்டில் சந்தேகம், ஒன்றில் குத்துமதிப்பு. பரவாயில்லை, போகட்டும்.

அப்புறம் இந்தக் கேள்வி வந்தது.

'நடுத்தர வயது ஆண். சில வாரங்களாகக் காலணி இறுக்கமாகிவிட்டது என்கிறார். காலையில் கண்ணிமைகள் வீங்குகின்றன. சிறுநீர் நுரைக்கிறது. வலி இல்லை. முன்னங்காலை விரலால் அழுத்தினால் ஏற்படும் குழி சிறிது நேரம் மறையவில்லை. முதலில் எந்த உறுப்பைப் பரிசோதிக்க வேண்டும்?'

சிறுநீரகம் என்பதை அழுத்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். அதைப் பாதி படித்தாள். கை நின்றுவிட்டது.

காலணி இறுக்கமாகிவிட்டது.

உப்பு போட்டியா என்று கேட்டது சண்டைக்கு இல்லை. போட்டுவிட்டாயோ என்ற பயத்தில் கேட்டது. காலையில் முகம் உப்பிக் கிடந்தால் தூக்கம் போதவில்லை என்று சொல்வாரே. லிஃப்டைக் கழற்றிப் போட்டுவிட்டுக் காத்திருந்த நேரத்தில் ஒரு மனுஷன் பாட்டுக் கேட்கலாம், கண்ணயரலாம். சிறுநீரகத்தைப் படிப்பானா? எந்தப் பாடம் என்று நாம்தானே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வாலு கேட்டாளே. அத்தனை பாடம் இருக்க, ஏன் அது மட்டும்?

 எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடினால் எல்லாம் போச்சு. அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. காலையில் வந்ததெல்லாம் ஒரு கோபமா? 'இருய்யா, இதை முடிச்சுட்டு வர்றேன் உன்கிட்ட' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு அடுத்த கேள்வியை முதலிலிருந்து படித்தாள். எழுத்து கலங்கியது. துடைத்துக்கொண்டு மறுபடி படித்தாள். மீதி இருந்த ஒவ்வொரு கேள்வியையும் பல்லைக் கடித்துக்கொண்டே முடித்தாள்.

முடித்ததும் திரையில் ஒரு வட்டம் சுற்றியது. அப்புறம் 'தேர்ச்சி' என்று வந்தது. தேற வேண்டியதற்கு ஒரே ஒரு மதிப்பெண் மேலே.

"வாழ்த்துக்கள்க்கா" என்றாள் மேற்பார்வைக்கு நின்றிருந்த பெண். "அழாதீங்க. பாஸாயிட்டீங்க."

நர்ஸம்மா தலையாட்டிவிட்டு வெளியே நடந்தாள்.

எதிரே பூட்டிக் கிடந்த கடையின் படியில் மெக்கானிக் உட்கார்ந்திருந்தார். ஷூவைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். அவளைப் பார்த்ததும் அவசரமாகக் காலை உள்ளே விடப் பார்த்தார். போகவில்லை.

"என்ன ஆச்சு? பாஸா, ஃபெயிலா?"

அவள் பதில் சொல்லாமல் அவர் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். கடையில் உட்காருகிற அதே உட்கார்வு.

"காலைக் கொடுங்க."

"நடு ரோட்ல என்ன இது, எழுந்திரு."

"காலைக் கொடுங்கன்னேன்."

பாதத்தை இழுத்துத் தன் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு சாக்ஸை உருவினாள். சாக்ஸின் விளிம்பு தோலில் ஆழமாகப் பதிந்து ஒரு வளையம் போட்டிருந்தது. முன்னங்கால் எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்து எடுத்தாள்.

அவள் விரல் அளவுக்கு ஒரு குழி. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது நிரம்பவில்லை.

"பாஸ்" என்றாள் அவள்.

அவர் முகம் மலர்ந்தது. "அப்படிப் போடு! நர்ஸம்மா!" என்றவர் அவள் கண்ணைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"உனக்குக் காய்ச்சல் வந்துச்சே, அந்த வாரம். கம்பெனியில எல்லாருக்கும் ரத்தம், சிறுநீர் எடுத்துப் பார்த்தாங்க. என்னை மட்டும் தனியா கூப்பிட்டாங்க." அவர் குரல் இறங்கியது. "நெருப்பு அணையக் கூடாதுன்னுதான் திறந்தேன். அது பொய்யில்லை. திறந்தா எதிர்ல அந்த உடம்பு நின்னுச்சு. எனக்கும் கேட்க வேற யாரு இருக்கா?"

"நான் இல்லையா?"

"உனக்கு இது கடைசிப் பரீட்சை."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"வீட்ல யாரையாவது கூட்டிட்டு வரச் சொன்னாரு."

"எப்போ?"

"அப்பவே."

அவரை நாலு அறை அறையலாம் போலிருந்தது அவளுக்கு. கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. இரண்டுக்கும் கை ஒழியவில்லை. அந்தக் கால் அவள் கையில் இருந்தது.

"எங்க கடை ஷூ சுருங்காதுன்னு சொன்னேன்ல" என்றாள்.  தினமும் எத்தனையோ கால்களைத் தொட்டுப் பார்க்கிறவள் இந்தக் காலைத் தொட்டுப் பார்க்கவில்லை.

பையில் மொபைல் அடித்தது. வாலு. அழுத்திக் காதில் வைத்தாள்.

"அம்மா! பாஸா?"

"பாஸ்டா."

அந்தப் பக்கம் வாலு கத்திய கத்தல் படி வரைக்கும் கேட்டது. மெக்கானிக் சிரிக்கப் பார்த்தார். கத்தி முடித்ததும் அவள் குரல் சட்டென்று மாறியது.

"அம்மா, காலையிலேர்ந்து யோசிக்கிறேன். நெருப்பு அணையாம இருக்கணும்னா எதுக்கு வேணாலும் பதில் போடலாம்ல? இதயம் எவ்ளோ ஈஸி. அப்பா ஏம்மா சிறுநீரகத்தை மட்டும் எடுத்தாரு?"

நர்ஸம்மா நிமிர்ந்து பார்த்தாள். மெக்கானிக் மெதுவாகத் தலையை ஆட்டினார். சொல்லாதே என்று.

"அம்மா? இருக்கியா?"

அவள் குனிந்து அவர் காலைப் பார்த்தாள். குழி இன்னும் அப்படியே இருந்தது.